2020 வடதுருவ ஓசோன் ஓட்டை: சுழல் முந்தியதா, ஓசோன் முந்தியதா?

2020 ஏப்ரல் கடைசி வாரம். சென்னை வீட்டுக்குள் அடைந்து கிடந்தது, கத்திப்பாராவில் வண்டிச் சத்தமே இல்லை. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி விடாமல் சுற்றியது: ஊரடங்கால் காற்று சுத்தமானதாம், அதனால் வடதுருவத்துக்கு மேலே இருந்த ஓசோன் ஓட்டை மூடிக்கொண்டதாம். வானம் வழக்கத்தைவிட நீலமாகத் தெரிந்த நேரம் என்பதால் நம்புவதற்கு யாருக்கும் கஷ்டமாக இல்லை.

ஓட்டை விழுந்தது உண்மை. ஏப்ரல் 23 வாக்கில் அது மூடியதும் உண்மை. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவையே அறிவித்தது. காரணம்தான் தவறு. ஓசோனைத் தின்னும் குளோரின் பல பத்தாண்டுகளுக்கு முன் குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்தும் ஸ்ப்ரே டப்பாக்களிலிருந்தும் கிளம்பியது. நான்கு வாரம் கார் ஓடாததால் அதில் ஒரு மாற்றமும் வராது. ஓட்டை மூடியதற்குக் காரணம், குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி ஓடும் காற்று வளையமான துருவச் சுழல் உடைந்தது. அதைக் கையில் எடுத்தால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: அந்தச் சுழல் ஏன் அவ்வளவு நாள் உடையாமல் இருந்தது? அதில் ஓசோனுக்கும் பங்கு உண்டா?

இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுழலை வலுப்படுத்தியது ஓசோன் இல்லை. ஏற்கெனவே வலுத்திருந்த சுழலை வசந்தம் வரை இழுத்துப் பிடித்ததில் ஓசோனுக்குப் பங்கு உண்டு. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

நடந்தது என்ன

குளிர்காலத்தில் துருவத்தின் மேல் வெயிலே விழாது. மேலே சுமார் 10 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டர் வரை உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்று அங்கே வெப்பத்தை இழந்துகொண்டே போகும். குளிர்ந்த காற்று சுருங்கும்; அதனால் ஒரே உயரத்தில் அளந்தால் துருவத்தின் மேல் அழுத்தம் குறைவாகவும் தெற்கே அதிகமாகவும் இருக்கும். காற்று தெற்கிலிருந்து வடக்கே பாயப் பார்க்கும், பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிவிடும். முடிவில் துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஒரு பெரிய காற்று வளையம் உருவாகிறது. இதுதான் துருவச் சுழல். துருவத்துக்கும் நடு அட்சரேகைக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு கூடுகிறதோ, மேலே போகப் போக அந்தக் காற்று அவ்வளவு வேகமெடுக்கும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும்.

வேகம் என்றால் எவ்வளவு? 60 டிகிரி வடக்கு அட்சரேகையில், 30 கிலோமீட்டர் உயரத்தில், வலுவான சுழலில் விநாடிக்கு 50 மீட்டர் என்பது சாதாரணம். மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப் போட்ட வர்தாவின் காற்றைவிட அதிகம். அந்த அட்சரேகையில் பூமியின் சுற்றளவு சுமார் 20,000 கிலோமீட்டர். அதாவது ஒரு காற்றுத் துணுக்கு ஐந்து நாளுக்குள் உலகத்தைச் சுற்றி வந்துவிடும்.

2019–20 குளிர்காலத்தில் இந்தச் சுழல் அசாதாரணமாக வலுத்தது. நவம்பர் பிற்பகுதியிலேயே உள்ளே வெப்பநிலை மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே போய், மார்ச் கடைசி வாரம் வரை அங்கேயே நின்றது. வடதுருவத்தில் இது அபூர்வம். வழக்கமாக இரண்டு குளிர்காலத்துக்கு ஒரு தடவையாவது சுழல் நடுவில் குலைந்து, சில நாட்களில் மேலே வெப்பநிலை 30, 40 டிகிரி ஏறிவிடும். திடீர் வெப்பமேற்றம் என்று இதைச் சொல்வார்கள். 1952-இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் அளவீட்டில் முதன்முதலாகக் கண்டார். அந்தக் குளிர்காலத்தில் பெரிய அளவில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

மைனஸ் 78 என்பது முக்கியமான எல்லை. அதற்குக் கீழே போனால் நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்து துருவ மேகங்கள் உருவாகும். சாதுவான சேர்மங்களில் பூட்டிக் கிடக்கும் குளோரின் அந்த மேகத் துகள்களின் மேற்பரப்பில் விடுபடும். அப்புறம் வெயில் வந்ததும் ஓசோனைத் தின்ன ஆரம்பிக்கும். குளிரும் வேண்டும், வெயிலும் வேண்டும். தென்துருவத்தில் செப்டம்பரில் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். வடதுருவத்தில் வெயில் திரும்பும்போது பெரும்பாலும் குளிர் போய்விட்டிருக்கும். 2020 மார்ச்சில் போகவில்லை.

விளைவு: மார்ச் 12 அன்று வடதுருவப் பகுதியில் ஓசோன் 205 டாப்சன் அலகுக்கு இறங்கியது. 100 டாப்சன் என்றால், தலைக்கு மேல் உள்ள அத்தனை ஓசோனையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம். சாதாரணமாக அந்த மாதத்தில் அங்கே நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், அன்றைக்கு இரண்டுதான் இருந்தது. அதே சமயம் மத்திய ஆர்க்டிக்கில் பனிக்குள் உறைந்து மிதந்துகொண்டிருந்த போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து பலூன்கள் விட்டார்கள். பலூனில் தொங்கும் ஓசோன் கருவி சின்னப் பெட்டிதான்: உள்ளே பொட்டாசியம் அயோடைடு கரைசல், ஒரு குட்டி பம்ப். பம்ப் வெளிக்காற்றை இழுத்துக் கரைசலுக்குள் குமிழிவிடும். ஓசோன் பட்டதும் அயோடின் பிரிந்து மின்னோட்டம் ஓடும். மின்னோட்டம் கூடினால் ஓசோன் கூட. 18 கிலோமீட்டர் உயரம் வாக்கில், வழக்கமாக ஓசோன் அதிகமாக இருக்க வேண்டிய இடத்தில், அந்த மின்னோட்டம் ஏறக்குறைய படுத்தேவிட்டது. அந்த அடுக்கில் சுமார் 95 சதவீதம் போயிருந்தது.

மீனம்பாக்கத்துக்கு மேலேயும் மைனஸ் 80

இங்கே கொஞ்சம் வழி விலகுகிறேன், நம் ஊர் ஆட்களுக்கு இந்த இடம்தான் சுவாரசியம். மீனம்பாக்கத்தில் இந்திய வானிலைத் துறை நாள்தோறும் காலையிலும் மாலையிலும் ஒரு பலூன் விடுகிறது. அதன் அளவீடு யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நிலைய எண் 43279. அட்டவணையில் காற்றழுத்தம் 100 ஹெக்டோபாஸ்கல் என்று உள்ள வரிக்குப் போங்கள். உயரம் 16,500 மீட்டர் சொச்சம் இருக்கும். பக்கத்தில் வெப்பநிலை பெரும்பாலும் மைனஸ் 75-க்கும் மைனஸ் 82-க்கும் நடுவில். கீழே கத்திரி வெயில் 41 டிகிரி கொளுத்துகிற மே மாதத்திலும் இதே கதைதான்.

ஒரு பள்ளியில் இதைப் பற்றிப் பேசியபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், அங்க மைனஸ் 78-ல ஓட்டை விழுதுன்னா, நம்ம தலைக்கு மேலயும் விழணுமே?"

நல்ல கேள்வி; பதிலும் இந்த ஆய்வுக்குத் தேவை. சென்னைக்கு மேல் அந்தக் குளிர் இருக்கும் 17 கிலோமீட்டரில் ஓசோனே குறைவு. நம் ஓசோன் தடிப்பாக இருப்பது 25 கிலோமீட்டருக்கு மேலே, அங்கே அவ்வளவு குளிர் இல்லை. அதைவிட முக்கியம், இங்கே மேலேறும் காற்றில் குளோரின் இன்னும் சிஎஃப்சி என்ற மூலச் சேர்மத்துக்குள்ளேயே (குளிர்சாதனப் பெட்டி, ஸ்ப்ரே டப்பா வாயு) பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அது இன்னும் மேலே போய், கடுமையான புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, சில ஆண்டுகள் அலைந்து துருவத்தில் இறங்கும்போதுதான் ஆபத்தான நிலைக்கு வருகிறது.

அந்தப் பயணத்துக்குப் பெயர் பிரூவர்–டாப்சன் ஓட்டம். வெப்ப மண்டலத்தில் ஏறி, ஸ்ட்ராட்டோஸ்பியர் வழியே குளிர்காலத் துருவத்தை நோக்கிப் போய், அங்கே இறங்கும் மெதுவான சுற்று. ஓசோன் பெருமளவு உண்டாவது வெப்ப மண்டலத்தின் மேல்தான். ஆனால் வசந்தத்தில் குவிந்து கிடப்பது துருவப் பக்கம். சென்னைக்கு மேல் 260, 270 டாப்சன் என்பது சகஜம். வடதுருவத்தில் மார்ச்சில் 400-ஐத் தாண்டுவது இந்த ஓட்டத்தின் புண்ணியம். ஆக 2020 மார்ச்சில் வடதுருவத்தின் மிகக் குறைந்த அளவு சென்னையின் சாதாரண அளவைவிடக் கீழே இருந்தது. வெயில் அங்கே சாய்ந்து விழுவதால் யாருக்கும் தோல் கருகவில்லை, அது வேறு.

இந்த ஓட்டத்தைத் தள்ளுவது எது? கீழிருந்து மேலேறும் கோள் அலைகள். இமயம், ராக்கி போன்ற மலைகளும் கண்டம்–கடல் வெப்ப வேறுபாடும் காற்றோட்டத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீள வளைவுகளை உண்டாக்கும். அவை மேலேறி, உடைந்து, சுழலின் வேகத்தைக் குறைக்கும். சுழல் வேகம் குறைந்தால் துருவத்தின் மேல் காற்று இறங்கும், இறங்கினால் சூடாகும், கூடவே ஓசோனையும் கொண்டுவரும். அலை அதிகம் என்றால் துருவம் சூடு, சுழல் பலவீனம், ஓசோன் அதிகம். அலை குறைவு என்றால் மூன்றும் தலைகீழ். இதனால்தான் ஓசோனும் சுழலும் சேர்ந்தே மாறுவதை மட்டும் வைத்து, ஒன்று மற்றதன் காரணம் என்று சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே அலை ஆட்டி வைக்கலாம்.

யார் மேல் சந்தேகம்

டிசம்பர், ஜனவரியில் சுழல் வலுத்தபோது ஓசோன் இழப்பு பெரிதாகத் தொடங்கவே இல்லை. வெயில் இல்லாத இடத்தில் ஓசோனால் வெயிலை உறிஞ்சிச் சூடேற்ற முடியாது. அகச்சிவப்புக் கதிரில் அதற்குள்ள பங்கு சிறியது. எனவே முதல் பாதிக்கு ஓசோனைக் குற்றவாளி ஆக்க வழியில்லை. நேரக் கணக்கே அதை விடுவித்துவிடுகிறது.

பின் யார்? அந்தக் குளிர்காலத்தில் கீழிருந்து போன அலை குறைவு. சில சமயம் போன அலையையும் சுழல் திருப்பியடித்தது. 1961-இல் சார்னியும் டிராசினும் காட்டியது இதுதான்: மேற்குக் காற்று இருந்தால்தான் கோள் அலை மேலேற முடியும், ஆனால் அந்தக் காற்றே மிகவும் வலுத்துவிட்டால் அலையால் உள்ளே நுழைய முடியாது. வலுத்த சுழல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

அலை ஏன் குறைந்தது என்று பின்னோக்கிப் போனால் நம் கடலுக்கே வந்து நிற்கிறோம். 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வற்றி, தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினோமே, அதே ஆண்டின் பிற்பாதியில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடாகியும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் கிடந்தது. பல பத்தாண்டுகளில் மிக வலுவான நேர்மறை இருமுனை நிலை. கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீ. மழை பெய்யும் இடம் மாறினால் மேலே வெப்பம் விடுபடும் இடமும் மாறும். அந்த அதிர்வு அலைத்தொடராக வட அட்லாண்டிக் வரை போனதாகவும், அந்தக் குளிர்காலத்தின் ஐரோப்பிய வானிலையை முன்கூட்டியே கணிக்க முடிந்ததற்கு அதுவே ஒரு காரணம் என்றும் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2020-இல் எழுதினார்கள். எனக்கு இது நம்பத்தக்கதாகவே படுகிறது, ஆனால் முழுக் கதை இதுதான் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது ஆள் கியூபிஓ. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஸ்ட்ராட்டோஸ்பியரில் காற்று கிழக்கு, மேற்கு என்று திசை மாற்றிக்கொண்டே இருக்கும்; ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 28 மாதம். கீழ் ஸ்ட்ராட்டோஸ்பியரில் மேற்குக் காற்று இருக்கும் குளிர்காலங்களில் துருவச் சுழல் சராசரியாக வலுவாக இருக்கிறது என்று 1980-இலேயே ஹோல்டனும் டானும் காட்டினார்கள். 2019 கடைசியில் அங்கே மேற்குக் காற்றுதான் இருந்தது.

மூன்றாவதாகச் சூரியனையும் விசாரிக்க வேண்டும். காரணம் அதுவும் ஓசோன் வழியாகத்தான் வேலை செய்கிறது. 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தில் புற ஊதாக் கதிர் சில சதவீதம் கூடும், வெப்ப மண்டலத்தின் மேல் ஸ்ட்ராட்டோஸ்பியரில் ஓசோன் கொஞ்சம் கூடும், அங்கே சூடேறும், துருவத்தோடு உள்ள வித்தியாசம் பெருகும், சுழல் வேகமெடுக்கும். கேட்க அழகான சங்கிலி. ஆனால் 2019 டிசம்பர் சூரியச் சுழற்சியின் அடிமட்டம். கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகப் பதிவு செய்துவரும் அந்தச் சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய காணாமலே போயிருந்த காலம். இந்த வழியாக ஏதாவது நடந்திருந்தால் சுழல் பலவீனமாகியிருக்க வேண்டும். எனவே இந்தக் குளிர்காலத்துக்குச் சூரியனை விட்டுவிடலாம்.

மார்ச்: ஓசோனின் முறை

மார்கழிக் கச்சேரியில் மிருதங்கம் ஆரம்பம் முதல் கூடவேதான் வாசித்துக்கொண்டிருக்கும். தனி ஆவர்த்தனம் வரும்போதுதான் அரங்கம் அதன் கைக்குப் போகும். துருவக் குளிர்காலத்தில் ஓசோனின் நிலையும் அப்படித்தான். அதன் தனி மார்ச்சில் தொடங்குகிறது.

பிப்ரவரி, மார்ச்சில் வெயில் திரும்புகிறது. வழக்கமான ஆண்டில், இறங்கிக் குவிந்திருக்கும் ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சித் துருவக் காற்றைச் சூடேற்றும். வித்தியாசம் குறையும், மேற்குக் காற்று தளரும், ஏப்ரல் வாக்கில் திசையே மாறிக் கோடைக்கான கிழக்குக் காற்று வரும். 2020-இல் சூடேற்ற வேண்டிய ஓசோன் இல்லை. வெயில் வந்தும் அடுப்பு பற்றவில்லை. துருவம் குளிர்ந்தே கிடக்க, மேற்குக் காற்று தாக்குப்பிடித்தது. காற்று தாக்குப்பிடித்ததால் அக்கம்பக்கத்து ஓசோன் உள்ளே வர முடியவில்லை. குளிர் நீடித்ததால் மேகங்களும் நீடித்தன, குளோரினும் தன் வேலையைத் தொடர்ந்தது. ஒன்று மற்றதை ஊட்டி வளர்க்கும் சுற்று இது.

ஒரு நுணுக்கம் உண்டு. சுழல் துருவத்தின் மேல் கச்சிதமாக வட்டமாக உட்கார்ந்திருப்பதில்லை, ஒரு பக்கம் சரிந்து நீளும். அதனால் ஓசோன் குறைந்த காற்றும் நிறைந்த காற்றும் ஒரே அட்சரேகையில் அடுத்தடுத்து வரும். வெயில் ஒரு பக்கத்தை அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் சூடேற்றும். இந்த ஏற்றத்தாழ்வே கோள் அலையின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது. அட்சரேகைக்கு ஒரே சராசரி ஓசோன் என்று எடுத்துக்கொள்ளும் கணினி மாதிரிகள் இதைத் தவறவிடுகின்றன.

இதையெல்லாம் எப்படி நிரூபிப்பது? வானத்தில் சோதனை செய்ய முடியாது, கணினியில் முடியும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு வேதியியல்–காலநிலை மாதிரிகளை எடுத்து, ஒரு தடவை ஓசோனைத் தன்போக்கில் மாறவிட்டார்கள், இன்னொரு தடவை சராசரி ஓசோனைக் கட்டாயமாக ஊட்டினார்கள். மாறவிட்டபோது, ஓசோன் வெகுவாகக் குறைந்த வசந்தங்களில் துருவச் சுழல் நீடித்தது. ஆர்க்டிக் அலைவு, அதாவது துருவத்துக்கும் நடு அட்சரேகைக்கும் இடையே தரையில் காற்றழுத்தம் ஏறி இறங்குவதன் அளவுகோல், நேர்மறைக்குப் போனது (துருவத்தில் அழுத்தம் குறைவு). வட ஐரோப்பாவில் ஈரம், தென் ஐரோப்பாவில் வறட்சி, யூரேசியாவில் வெப்பம் என்ற முத்திரை தரையில் விழுந்தது. சராசரி ஓசோனை ஊட்டியபோது அந்த முத்திரை தெளிவாக வரவில்லை. என் பார்வையில் இந்த வழக்கின் வலுவான சாட்சி இதுதான். வெறும் ஒத்துப்போதலிலிருந்து காரணத்தைப் பிரித்துக் காட்டுகிறது.

உண்மையில் தரையில் என்ன நடந்தது? 2020 ஜனவரி முதல் மார்ச் வரையான ஆர்க்டிக் அலைவின் சராசரி, 1950 முதலான பதிவிலேயே மிக உயர்ந்தது. ரஷ்யாவில் குளிர்காலம் கிட்டத்தட்ட வரவே இல்லை, பிரிட்டனில் பிப்ரவரி முழுக்கப் புயலும் மழையும். சைபீரியாவில் அந்த வெப்பம் வசந்தத்திலும் தொடர்ந்தது. ஜூன் 20 அன்று வெர்கோயான்ஸ்க் ஊரில் 38 டிகிரி பதிவானதையும் சிலர் ஓசோன் கணக்கில் சேர்த்தார்கள். அது அதிகப்படி. அதற்குள் சுழல் உடைந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

தெற்கே பார்த்தால்

வடக்கில் அபூர்வமாக நடப்பது தென்துருவத்தில் ஆண்டுதோறும் நடக்கிறது. 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் ஓட்டையை அறிவித்த பிறகு வந்த ஆய்வுகள், அங்கே வசந்தத்தில் கீழ் ஸ்ட்ராட்டோஸ்பியர் 6 முதல் 10 டிகிரி வரை குளிர்ந்ததையும், சுழல் உடைவது தள்ளிப்போனதையும் காட்டின. அங்கே ஓசோன் மட்டும் தனியாகக் குறைந்ததால் காரணம் எது, விளைவு எது என்பதில் சண்டை குறைவு.

அலை வந்தால் அங்கேயும் கதை மாறும். 2002 செப்டம்பரில் சுழல் பிளந்து ஓட்டையே இரண்டாகப் போனது. 2019 செப்டம்பரில் மறுபடி ஒரு பலத்த வெப்பமேற்றம், 1.64 கோடி சதுர கிலோமீட்டரைத் தொட்ட ஓட்டை மளமளவென்று சுருங்கியது. அடுத்த ஆண்டே அலை ஓய்ந்தது: 2020-இல் ஓட்டை 2.48 கோடி சதுர கிலோமீட்டருக்கு விரிந்து, டிசம்பர் இறுதி வரை மூட மறுத்தது. குளோரின் அளவு இரண்டு ஆண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது காற்று.

வடக்கிலும் எதிர்ச்சாட்சி கிடைத்துவிட்டது. 2024-இல் ஜனவரி நடுவிலும் மார்ச் தொடக்கத்திலும் சுழல் இரண்டு தடவை குலைந்தது, அலைகள் ஓசோனை வாரி வாரிக் கொண்டுவந்தன. அந்த மார்ச்சில் ஆர்க்டிக் சராசரி 477 டாப்சன். 1979 முதலான செயற்கைக்கோள் பதிவில் அதுவே உச்சம். ஓசோனைத் தின்னும் வாயுக்களைக் கட்டுப்படுத்திய 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையால் குளோரின் மெல்லக் குறைந்துவருவதும் இதற்கு உதவியது. ஆனால் நான்கே ஆண்டில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனதற்கு அது காரணமாக இருக்க முடியாது.

கணிப்பாளருக்கு

பல வானிலை மாதிரிகள் கதிர்வீச்சுக் கணக்கில் இன்றும் பல ஆண்டுச் சராசரி ஓசோனைத்தான் போடுகின்றன. பெரும்பாலான ஆண்டுகளில் தப்பில்லை. 2020 மார்ச் மாதிரியான சமயத்தில் இல்லாத ஓசோனைச் சூடேற்ற விட்டு, சுழலைச் சீக்கிரம் உடைத்துவிடும் அபாயம் உண்டு. முழு வேதியியலையும் ஓட்டுவது செலவு பிடிக்கும் வேலை. எளிமையான ஓசோன் கணக்கைச் சேர்த்தாலே வசந்தகாலக் கணிப்பு ஓரளவு மேம்படும் என்பது என் கருத்து. சென்னை மழைக்கு இதனால் நேரடிப் பலன் ஒன்றும் இல்லை. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்த குளிர்காலத்தைப் பின்தொடர நினைப்பவர்கள் பிப்ரவரி கடைசியில் மூன்றைப் பார்த்தால் போதும்: 50 ஹெக்டோபாஸ்கலில் துருவ வெப்பநிலை மைனஸ் 78-க்குக் கீழே நிற்கிறதா, 100 ஹெக்டோபாஸ்கலில் மேலேறும் அலையின் வெப்பப் பாய்வு (அலை எவ்வளவு வலுவாக மேலேறுகிறது என்பதன் அளவு) சராசரிக்குக் கீழே கிடக்கிறதா, ஓசோன் வரைபடத்தில் சுழலுக்குள் பள்ளம் தெரிகிறதா. முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால், ஏப்ரலில் சுழல் வழக்கம்போல உடைந்துவிடும் வாய்ப்பு அதிகம். மூன்றும் சேர்ந்தால் மே வரை பார்க்க வேலை இருக்கும்.